பத்து லட்சத்துப் பந்துவீச்சு

பெங்களூர் அணியின் ஐபிஎல் கதை கிரிக்கெட் பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். 2008 முதல் 2023 வரை 16 சீசன் ஆடி, 3 ஃபைனல் போய், ஒரு கோப்பையும் கிடைக்கவில்லை. அந்தப் பெயருக்கு முதல் கோப்பையைக் கொண்டுவந்தது பெண்கள் அணி. 2024 மார்ச் 17, டெல்லி அருண் ஜேட்லி மைதானம். இதுவும் பலருக்குத் தெரிந்த செய்திதான். ஆனால் அந்த அணி லீக் சுற்றில் 8 ஆட்டம் ஆடி 4 வென்றது, 4 தோற்றது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள். பாதி தோற்ற அணி எப்படிக் கோப்பை வாங்கும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. பதில் கொஞ்சம் நீளம், அதனால் டீயைச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.

முதலில் போட்டியின் அமைப்பு. மகளிர் பிரீமியர் லீக் 2023இல் தொடங்கியது. மும்பை, டெல்லி, பெங்களூர், குஜராத், உத்தரப் பிரதேசம் என்று ஐந்தே அணிகள். இந்த ஐந்து அணிகளை நடத்தும் உரிமையை மட்டும் கிரிக்கெட் வாரியம் 4,669.99 கோடி ரூபாய்க்கு விற்றது. ஒவ்வோர் அணியும் மற்ற நான்கோடு இரண்டிரண்டு முறை ஆடும். ஆளுக்கு 8 ஆட்டம். முதலிடம் பிடிப்பவர் நேரே ஃபைனல். இரண்டாவதும் மூன்றாவதும் எலிமினேட்டரில் மோதி, வென்றவர் ஃபைனலுக்குப் போவார். ஆக, ஐந்தில் மூன்றாவதாக வந்தாலே கதவு திறந்திருக்கும். 2024இல் டெல்லி 12 புள்ளி, மும்பை 10, பெங்களூர் 8. நான்காவது வந்த உத்தரப் பிரதேச அணிக்கு 6. அதாவது ஒரே ஒரு ஆட்டத்தின் வித்தியாசம்.

இதோடு விஷயம் முடிந்துவிட்டால் அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு எழுந்து போகலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தக் கோப்பைக்கான வேலை ஏல அறையில், யாரும் அவ்வளவாகக் கவனிக்காத மலிவான வரிசையில் நடந்தது. அதைத்தான் விளக்கப் பார்க்கிறேன்.

முதல் ஏலம் 2023 பிப்ரவரி 13, மும்பையில். ஓர் அணி செலவழிக்கக்கூடிய மொத்தத் தொகை 12 கோடி ரூபாய். பெங்களூர் ஸ்மிருதி மந்தனாவை 3.4 கோடிக்கு எடுத்தது. அன்றைக்கு அதுதான் உச்ச விலை. ரிச்சா கோஷ் 1.9 கோடி, எல்லிஸ் பெர்ரி 1.7 கோடி, ரேணுகா சிங் 1.5 கோடி. நியூசிலாந்தின் சோஃபி டிவைன் 50 லட்சத்துக்கே கிடைத்தார். பெயர்களைப் பார்த்த எல்லாரும் இதுதான் பலமான அணி என்றார்கள். அணியோ முதல் ஐந்து ஆட்டத்தையும் வரிசையாகத் தோற்றது. எட்டில் இரண்டுதான் வெற்றி, நான்காவது இடம். கேப்டன் மந்தனா எட்டு ஆட்டத்தில் 149 ரன். ஒரு நாள் மட்டும் தனியாக நிற்கிறது: குஜராத்துக்கு எதிராக டிவைன் 36 பந்தில் 99 அடித்தார். மற்றபடி மறக்க வேண்டிய சீசன்.

இத்தனை பெரிய பெயர்கள் இருந்தும் ஏன் தோற்றார்கள்? ஆடும் பதினொருவரில் வெளிநாட்டவர் நான்கு பேர்தான் இருக்கலாம். இணை உறுப்பு நாடு ஒன்றிலிருந்து ஒருவரைச் சேர்த்தால் ஐந்து. மீதி ஆறேழு பேர் இந்தியர்கள். ஒவ்வோர் அணியிடமும் ஆஸ்திரேலியா, இங்கிலாந்து, தென்னாப்பிரிக்காவிலிருந்து நான்கு பெரிய ஆட்டக்காரர்கள் இருப்பார்கள். இந்திய அணியில் ஆடும் இரண்டு மூன்று பேரும் இருப்பார்கள். எல்லார் வீட்டுக் கல்யாணத்திலும் பாயசம் உண்டு. பந்தியைப் பற்றி ஊர் பேசுவது ரசத்தை வைத்துத்தான். வெளியே பெயர் தெரியாத, உள்ளூர்ப் போட்டிகளில் மட்டும் ஆடிக்கொண்டிருக்கிற அந்த நான்கைந்து இந்தியப் பெண்கள் யார் என்பதில்தான் அணிக்கும் அணிக்கும் வேறுபாடு வருகிறது.

அவர்களுக்கான விலை வரிசை வேறு. இந்தியாவுக்கு ஆடியவர்களின் அடிப்படை விலை 30, 40, 50 லட்சம். ஆடாதவர்களுக்கு 10 அல்லது 20 லட்சம். 10 லட்சம் என்பது இந்த ஏலத்தின் கடைசிப் படி. அதே சமயம் அது எவ்வளவு பெரிய தொகை என்பதையும் பார்க்க வேண்டும். மூத்தோர் பெண்கள் உள்ளூர் ஆட்டத்துக்கு வாரியம் தந்த சம்பளம் 2021 வரை நாளுக்கு 12,500 ரூபாய். அந்த ஆண்டில்தான் 20,000 ஆக்கினார்கள். அந்தக் கணக்கில் 50 நாள் ஆடினால் வருவது 10 லட்சம். உள்ளூர்ப் பருவம் ஒன்றில் ஒரு பெண்ணுக்கு அத்தனை நாள் ஆட்டம் கிடைப்பதே அபூர்வம். ஏல அறையில் கடைசிப் படியாக இருப்பது அந்தப் பெண்ணுக்கு அதுவரை பார்த்திராத வருமானம்.

அந்தக் கடைசிப் படியில் பெங்களூர் 2023இல் எடுத்தவர்களில் இரண்டு பேர் முக்கியம். ஒருவர் ஷ்ரேயாங்கா பாட்டீல், கர்நாடகத்துப் பெண், ஆஃப் ஸ்பின்னர். இன்னொருவர் ஆஷா ஷோபனா, திருவனந்தபுரம், லெக் ஸ்பின்னர். ஷ்ரேயாங்காவுக்கு அப்போது 20 வயது, ஆஷாவுக்கு 31. ஒருவருக்கு எல்லாமே இனிமேல்தான். மற்றவர் கேரளம், புதுச்சேரி, ரயில்வே என்று அணிகள் மாறி ஆடி, இந்திய அணிக்குக் கூப்பிடும் வயது கடந்துவிட்டது என்று எல்லாரும் நினைக்கத் தொடங்கியிருந்த நேரம். இருவருக்கும் ஒரே விலை.

தோற்ற சீசனுக்குப் பிறகு அணிகளைப் பொதுவாக அடியோடு கலைப்பார்கள். பெங்களூரும் பயிற்சியாளரை மாற்றியது. அடிலெய்டு அணிக்கு ஆஸ்திரேலிய மகளிர் லீக்கில் அடுத்தடுத்து இரண்டு கோப்பை வாங்கிக் கொடுத்த லூக் வில்லியம்ஸ் வந்தார். நம் பக்கத்து ஆள் ஒருவரும் அங்கே இருந்தார்: தமிழ்நாட்டுக்கு ரஞ்சி ஆடிய ஆஃப் ஸ்பின்னர் மாலோலன் ரங்கராஜன், துணைப் பயிற்சியாளராக. 2025 நவம்பரில் அவரையே தலைமைப் பயிற்சியாளராக அறிவித்தார்கள். ஆனால் அந்த இரண்டு 10 லட்சத்துப் பந்துவீச்சாளர்களை அணி விடவில்லை. முதல் சீசன் படுதோல்வி அடைந்த பிறகும் வைத்துக்கொண்டதை நான் பெரிய முடிவாகப் பார்க்கிறேன். அதற்குப் பிறகு 2023 டிசம்பர் 9இல் நடந்த இரண்டாவது ஏலத்தில் அவர்களுக்குத் துணையாக மேலும் சுழல் வாங்கினார்கள். ஏக்தா பிஷ்ட் 60 லட்சம், ஜார்ஜியா வேர்ஹாம் 40 லட்சம், சோஃபி மோலினோ 30 லட்சம். மோலினோ ஆஸ்திரேலியாவின் இடதுகைச் சுழற்பந்துக்காரர். முழங்கால் தசைநார் அறுந்து நெடுநாள் ஆடாமல் இருந்தவர். அதனால்தான் 30 லட்சத்துக்குக் கிடைத்தார் என்று நினைக்கிறேன்.

ஏன் இத்தனை சுழல்? பெண்கள் கிரிக்கெட்டில் வேகப்பந்து என்பது பெரும்பாலும் மணிக்கு 110 கிலோமீட்டரைச் சுற்றித்தான். 132.1 கிலோமீட்டர் வேகத்தில் ஷப்னிம் இஸ்மாயில் ஒரு பந்து போட்டது இதே 2024 சீசனில்தான். பெண்கள் கிரிக்கெட்டில் 130ஐத் தாண்டிய முதல் பந்து என்று அது பதிவானது. அவர் விதிவிலக்கு. மிதவேகத்தில் வரும் பந்தை நல்ல ஆட்டக்காரர் அதன் வேகத்தைக் கொண்டே திருப்பிவிடலாம். சுழற்பந்தில் அந்த உதவி இல்லை. பந்து மெதுவாக வரும். பவுண்டரிக்கு அனுப்ப முழுப் பலத்தையும் தானே போட வேண்டும். பலம் போடும்போது கால் நகரும், தலை ஆடும், பந்து ஒரு அங்குலம் திரும்பினால் போதும்.

இதில் இன்னொரு நுணுக்கம். மோலினோவின் பந்து வலதுகை ஆட்டக்காரரிடமிருந்து விலகிப் போகும். ஷ்ரேயாங்காவின் பந்து உள்ளே வரும். ஆஷாவின் லெக் ஸ்பின் விலகிப் போகும், திடீரென்று கூக்ளி உள்ளே வரும். மூவரின் உயரமும் வேகமும் வேறு. டி20இல் ஒரு ஆட்டக்காரருக்குப் பந்துவீச்சாளரைப் படித்துக்கொள்ள ஏழெட்டுப் பந்துகூடக் கிடைப்பதில்லை. ஒருவரைப் புரிந்துகொள்வதற்குள் எதிர்த்திசையில் திருப்புகிறவர் வந்து நிற்பார். நான்காவதாக வேர்ஹாம், அவரும் லெக் ஸ்பின்.

சீசன் பிப்ரவரி 23இல் தொடங்கியது. முதல் பாதி பெங்களூர் சின்னசாமி மைதானம், இரண்டாம் பாதி டெல்லி. பெங்களூரின் முதல் ஆட்டம் 24ஆம் தேதி, உத்தரப் பிரதேசத்தோடு. முதலில் ஆடி 157. எதிரணி நிதானமாகத் துரத்தி வந்தபோது 17ஆவது ஓவரில் ஆஷா மூன்று விக்கெட் எடுத்தார். மொத்தம் 22 ரன்னுக்கு 5. இந்த லீக்கில் ஓர் ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எடுத்த முதல் இந்தியர் அவர்தான். வெற்றி 2 ரன் வித்தியாசத்தில். அந்த ஒரு ஓவர் இல்லையென்றால் தோல்விக் கணக்கோடு தொடங்கியிருப்பார்கள். போன வருடம் போலவே.

அடுத்து குஜராத்தை 107இல் மடக்கி எளிதாக வென்றார்கள். டெல்லியிடமும் மும்பையிடமும் தோற்றார்கள். மார்ச் 4இல் சின்னசாமியில் கடைசி ஆட்டம்: மந்தனா 80, பெர்ரி 58, மொத்தம் 198, வெற்றி. பெர்ரி அடித்த ஒரு சிக்ஸர் எல்லைக்கு வெளியே காட்சிக்கு நிறுத்தியிருந்த காரின் கண்ணாடியை உடைத்தது. அந்தக் கண்ணாடித் துண்டுகளைச் சட்டம் போட்டு அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள் என்பது தனிக் கதை.

டெல்லிக்குப் போன பிறகு குஜராத்திடம் 19 ரன்னில் தோல்வி. அதற்குப் பிறகு மார்ச் 10. டெல்லி 181 அடித்திருந்தது. கடைசி ஓவரில் 17 வேண்டும், ரிச்சா கோஷ் நிற்கிறார். சிக்ஸர்கள் பறந்தன. கடைசிப் பந்தில் 2 ரன் வேண்டும்; ஓடினார், ரன் அவுட். 29 பந்தில் 51 அடித்தும் 1 ரன்னில் தோல்வி. அவர் மைதானத்திலேயே விழுந்து அழுததைப் பார்த்தவர்கள் மறக்க முடியாது. அன்று 26 ரன்னுக்கு 4 விக்கெட் எடுத்த ஷ்ரேயாங்காவின் உழைப்பும் அந்தக் கண்ணீரில் கரைந்துபோனது.

இரண்டு நாள் கழித்து மும்பையோடு கடைசி லீக் ஆட்டம். பெர்ரி 4 ஓவரில் 15 ரன் கொடுத்து 6 விக்கெட் எடுத்தார்; பிறகு ஆட்டமிழக்காமல் 40 ரன்னும் அடித்தார். லீக்கின் மிகச் சிறந்த பந்துவீச்சு அது. இது மட்டும் வேகப்பந்துக் கணக்கு. என் வாதத்துக்குள் அடங்காது. 33 வயதில் ஒருவர் தனியாளாக அணியை மூன்றாம் இடத்துக்கு இழுத்து வந்த நாள் அது, அவ்வளவுதான்.

மார்ச் 15, எலிமினேட்டர். மறுபடி மும்பை. பெங்களூர் தடுமாறி 135. அதில் 66 பெர்ரியுடையது. மும்பைக்கு 18 பந்தில் 20 ரன் வேண்டும். கையில் ஏழு விக்கெட். ஹர்மன்பிரீத் கவுர் நிலைத்து நிற்கிறார். இந்த இடத்தில் தொலைக்காட்சியை அணைத்துவிட்டுத் தூங்கப் போனவர்கள் உண்டு. 18ஆவது ஓவர் ஷ்ரேயாங்கா: 4 ரன், ஹர்மன்பிரீத் அவுட். 19ஆவது மோலினோ: 4 ரன். கடைசி ஓவருக்கு 12 வேண்டும். பந்து ஆஷா கையில். 6 ரன் கொடுத்தார். 5 ரன்னில் வெற்றி.

மூன்று ஓவர், மூன்று பேர், மொத்தம் 14 ரன். இருவரை 10 லட்சத்துக்கும் ஒருவரை 30 லட்சத்துக்கும் வாங்கியது. டி20இல் கடைசி ஓவர்கள் வழக்கமாக வேகப்பந்துக்காரர்களுக்குத்தான் போகும். யார்க்கர் போடத் தெரிந்தவர்களுக்கு. ரேணுகா சிங் போன்ற ஒருவர் அணியில் இருக்கும்போது மூன்றையும் சுழலுக்குக் கொடுத்தார் மந்தனா. சிக்ஸர் போயிருந்தால் மறுநாள் எல்லாரும் அவரைத்தான் திட்டியிருப்பார்கள். அந்தத் துணிவுக்காக அவருக்கு என் மரியாதை. மறுநாள் மார்ச் 16, ஆஷாவுக்கு 33 வயது நிறைந்தது.

17ஆம் தேதி ஃபைனல். டெல்லி முதலில் ஆடியது. மெக் லானிங்கும் ஷஃபாலி வர்மாவும் 7 ஓவரில் 64, விக்கெட் இல்லை. ஷஃபாலி மட்டும் 27 பந்தில் 44. எட்டாவது ஓவர் மோலினோ. முதல் பந்தை ஷஃபாலி தூக்கி அடித்து எல்லைக்கோட்டருகே வேர்ஹாமிடம் பிடி கொடுத்தார். மூன்றாவது பந்தில் ஜெமிமா ரோட்ரிக்ஸ் போல்டு. நான்காவது பந்தில் ஆலிஸ் காப்சி போல்டு. நான்கு பந்தில் மூன்று விக்கெட். அதன் பிறகு லானிங்கை ஷ்ரேயாங்கா எல்பிடபிள்யூ எடுத்தார். நடுவில் ஆஷா வந்து இரண்டு பேரை அனுப்பினார். கடைசி ஆட்டக்காரர்களை ஷ்ரேயாங்கா துடைத்தெடுத்தார். 64க்கு விக்கெட் இல்லாமல் இருந்த அணி 113இல் முடிந்தது. ஷ்ரேயாங்கா 12 ரன்னுக்கு 4, மோலினோ 20க்கு 3, ஆஷா 14க்கு 2. மீதி ஒன்று ரன் அவுட். வேகப்பந்துக்கு ஒரு விக்கெட்டும் இல்லை.

114 என்ற இலக்கு சிறியதுதான், ஆனாலும் அவசரப்படவில்லை. மந்தனா 31, டிவைன் 32, பெர்ரி 35. கடைசி ஓவரில் வெற்றி பவுண்டரியை அடித்தவர் ரிச்சா கோஷ், ஒரு வாரத்துக்கு முன் இதே மைதானத்தில் விழுந்து அழுதவர். மூன்று பந்து மீதம், 8 விக்கெட் வெற்றி, 6 கோடி ரூபாய் பரிசு.

சீசன் முடிந்ததும் விக்கெட் பட்டியலைப் பார்த்தால் முதல் மூன்று இடம்: ஷ்ரேயாங்கா 13, ஆஷா 12, மோலினோ 12. மூவருக்கும் சேர்த்து அணி செலவழித்தது 50 லட்சம். மந்தனாவுக்குக் கொடுத்ததில் ஏழில் ஒரு பங்கு. மந்தனாவின் விலை வீண் என்று சொல்ல வரவில்லை. அந்த வருடம் அவர் 300 ரன் எடுத்தார், பெர்ரி 347 எடுத்து ரன் பட்டியலில் முதலிடம். ஆனால் அப்படி ரன் எடுக்கக்கூடியவர்கள் மும்பையிலும் டெல்லியிலும்கூட இருந்தார்கள். இந்த மூவரைப் போல மூவர் வேறு எங்கும் இல்லை.

இதில் எனக்கு மனசுக்கு நெருக்கமானது ஆஷாவின் பாதை. 2024 மே 6இல் வங்கதேசத்துக்கு எதிராக அவர் இந்திய அணிக்கு முதல்முறை ஆடினார், 33 வயது 51 நாளில். டி20இல் இந்தியாவுக்கு அறிமுகமான பெண்களில் மிக மூத்தவர். அவருடைய பந்து அந்த இரண்டு மாதத்தில் புதிதாகத் திரும்பத் தொடங்கவில்லை. பத்துப் பதினைந்து வருடமாகக் காலி மைதானங்களில் அதே பந்தைத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பார்க்க ஆளில்லை, ஒளிபரப்பும் இல்லை. இந்த லீக் 2013இலோ 2015இலோ வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. 2017 உலகக் கோப்பை ஃபைனலில் லார்ட்ஸில் 9 ரன்னில் தோற்ற பிறகுதான் நாடே பெண்கள் கிரிக்கெட்டைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகும் முழு லீக் வர ஆறு வருடம் ஆனது. அந்த வருடங்களில் ஆடி ஓய்ந்துபோன சுழற்பந்துக்காரர்கள் எத்தனையோ பேர்.

சந்தை சீக்கிரமே பாடம் படித்துக்கொண்டது. 2024 டிசம்பர் 15இல் பெங்களூரில் நடந்த அடுத்த ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலைக்காரர்கள்தான் நாயகிகள். மும்பை தாராவியின் சிம்ரன் ஷேக் குஜராத்துக்கு 1.9 கோடி. மதுரைப் பெண் ஜி. கமலினி, 16 வயது, மும்பை அணிக்கு 1.6 கோடி. பெங்களூர் அணி உத்தராகண்டின் லெக் ஸ்பின்னர் பிரேமா ராவத்தை 1.2 கோடி கொடுத்து எடுத்தது. அதே அணி, அதே வகைப் பந்துவீச்சு, பன்னிரண்டு மடங்கு விலை.

பிறகு 2025. காயத்தால் மோலினோ இல்லை, ஆஷா இல்லை, ஷ்ரேயாங்காவும் இல்லை. டிவைனும் ஓய்வு கேட்டிருந்தார். மந்தனா, பெர்ரி, ரிச்சா மூவரும் இருந்தார்கள். முதல் ஆட்டத்தில் குஜராத்தின் 201ஐத் துரத்திப் பிடித்து, இரண்டாவதும் வென்று, பிறகு தொடர்ந்து ஐந்து தோல்வி. சொந்த ஊர் சின்னசாமியில் ஆடிய நான்கும் அதில் அடக்கம். ரன் குறைவாக எடுத்ததாலேயே தோற்றார்கள் என்று சொல்ல முடியாது. பிப்ரவரி 21இல் மும்பைக்கு எதிராக பெர்ரி 81 அடித்து அணி 167 எடுத்திருந்தது. கடைசி ஓவர்களில் மடக்க ஆளில்லை. ஒரு பந்து மீதமிருக்க மும்பை வென்றது. கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்ற இருவரில் ஒருவர் அந்த மதுரைப் பெண் கமலினி.